ரயில்வே கேட்டில் உயிரிழப்பு: சட்டப் பொறுப்பை நிறுவி இழப்பீடு கோருவதற்கான முழுமையான வழிகாட்டி

ரயில்வே கேட்டைக் கடக்கும் வாகனத்தின் மீது ரயில் மோதி ஒருவர் இறந்துவிட்டால், தவறு கேட் கீப்பருடையதா, வாகன ஓட்டுநருடையதா என்ற வாக்குவாதம் அன்று மாலையே தொடங்கிவிடுகிறது. அதற்கு விடை சொல்வது நீதிமன்றத்தின் வேலை. குடும்பம் செய்ய வேண்டியது, அந்த விடைக்கு ஆதாரமான பதிவுகள் அழியாமல் பார்த்துக்கொள்வதும், உரிய மன்றத்தில் உரிய எதிர்மனுதாரர்களைச் சேர்த்துக் காலக்கெடுவுக்குள் மனுவைத் தாக்கல் செய்வதும் ஆகும்.

இத்தகைய குடும்பங்களுக்கு ஆவணங்களைத் திரட்டிக் கொடுக்கும் பணியில் நான் கண்டவரை, வழக்குகள் வலுவிழப்பதற்குச் சட்டத்தை விடப் படிகளின் வரிசை தவறுவதே பெரிய காரணமாக இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இது, வழக்கறிஞருக்கு மாற்று ஆகாது. வழக்கறிஞரைச் சந்திக்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

1. தொடங்குவதற்கு முன் சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் ஆகிய ஐந்தும் அடிப்படை ஆவணங்கள். வாரிசுச் சான்றிதழ் கிடைக்க நாளாகும் என்பதால் அதற்கான விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும்.

வழக்கு எந்தக் காவல் நிலையத்தில் பதிவாகியுள்ளது என்பதை உடனே தெரிந்துகொள்ளுங்கள். தண்டவாளத்தின் மீது நடந்த மோதல் என்பதால் அது பெரும்பாலும் இருப்புப்பாதை காவல் நிலையத்துக்குச் செல்கிறது. சில நேரங்களில் உள்ளூர்க் காவல் நிலையம் பதிவு செய்கிறது. இருப்புப்பாதை காவல்துறை மாநிலக் காவல்துறையின் ஒரு பிரிவு. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசின் கீழ் இயங்கும் வேறோர் அமைப்பு. இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர்.

வாகனத்தின் பதிவுச் சான்று, காப்பீட்டுப் பாலிசி, தகுதிச் சான்று, அனுமதிச் சீட்டு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களையும் கேட்டுப் பெறுங்கள். பாலிசி முழுக் காப்பீடா, சட்டப்படி கட்டாயமான குறைந்தபட்சக் காப்பீடு மட்டுமா என்பது பின்னர் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். குறைந்தபட்சப் பாலிசி பொதுவாகச் சொந்தக் காரின் உள்ளே இருந்தவர்களையும் இரு சக்கர வாகனத்தின் பின்னால் அமர்ந்திருந்தவரையும் காப்பதில்லை. அந்த நிலையில் ரயில்வேயை வழக்கில் சேர்ப்பது மிகமிக அவசியமாகிறது.

2. முதல் வாரம்: பதிவுகளைப் பாதுகாக்கக் கோரும் கடிதம்

உண்மையைச் சொல்லக்கூடிய பதிவுகள் அனைத்தும் ரயில்வேயின் கையில்தான் இருக்கின்றன. அவற்றுள் குரல் பதிவுகளும் கண்காணிப்பு கேமரா காட்சிகளும் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் தாமாகவே அழிந்து, புதிய பதிவுகளுக்கு இடம் கொடுத்துவிடும். ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கும் முன்னதாக, பாதுகாக்கக் கோரும் கடிதம் செல்ல வேண்டும்.

அந்தப் பகுதியின் கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, விசாரணை அதிகாரிக்கும் ஒரு நகல் கொடுங்கள். கடிதத்தில் கேட்டின் எண்ணையும், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லையும், ரயிலின் எண்ணையும், மோதிய நேரத்தையும் எழுதுங்கள். கேட்டின் எண் அங்குள்ள பலகையிலேயே எழுதப்பட்டிருக்கும். ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால், அதே ஊரில் வேறு கேட்டுகளும் உண்டு என்ற பதில்தான் வரும்.

நிலைய அதிகாரிக்கும் கேட் கீப்பருக்கும் இடையிலான தொலைபேசி உரையாடலின் குரல் பதிவு, இருவரும் பரிமாறிக்கொண்ட எண்கள் எழுதப்பட்ட பதிவேடு, கேட் பதிவேடு, கேட் இயக்க விதிமுறைகள், பணி நேரப் பட்டியல், ரயில் என்ஜினின் வேகப் பதிவு, கேமரா இருந்தால் அதன் காட்சிகள், அந்தக் கேட்டின் கடைசிப் போக்குவரத்துக் கணக்கெடுப்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'எல்லா ஆவணங்களும்' என்று பொதுவாகக் கேட்டால், எது அழிந்தது என்று பின்னர் சுட்டிக்காட்ட முடியாமல் போய்விடும்.

இந்த எண் பரிமாற்றத்தைச் சற்று விளக்க வேண்டும். சிக்னலோடு பிணைக்கப்படாத கேட்டில், ரயில் வருவதை நிலைய அதிகாரி தொலைபேசியில் தெரிவிக்க, கேட்டை மூடிவிட்டதற்கு அடையாளமாகக் கேட் கீப்பர் ஓர் எண்ணைச் சொல்கிறார். அந்த எண்ணும் நேரமும் எழுதப்பட்டிருந்து, அதே நேரத்தில் கேட் திறந்திருந்ததும் மெய்ப்பிக்கப்பட்டால், பொறுப்பைப் பற்றிய பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. எண்ணே கேட்காமல் ரயில் அனுப்பப்பட்டிருந்தால் பொறுப்பின் ஒரு பகுதி நிலையத்துக்குச் செல்கிறது.

அதே வாரத்தில் கேட்டை நான்கு திசையிலிருந்தும் படம் எடுங்கள். தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மரங்கள், வளைவு, சாலையின் ஏற்றம், வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, விளக்கு, கேட் தடுப்பின் நிலை ஆகிய அனைத்தும் படத்தில் இருக்க வேண்டும். விபத்துக்குப் பின் புதர்கள் வெட்டப்படும், பலகைகள் புதிதாக நடப்படும். கைப்பேசியின் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழுக்கு அது தேவைப்படும்.

3. கேட் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை உறுதி செய்தல்

பொறுப்பு எவ்வாறு பகிரப்படும் என்பது கேட்டின் வகையைப் பொறுத்தே அமையும் என்பதால், மனு எழுதுவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டில், தடுப்பு மூடிப் பூட்டப்பட்டால் ஒழிய ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. அங்கே தடுப்பு திறந்திருக்க ரயில் வந்துவிட்டது என்றால், சிக்னல் கோளாறா, ரயில் ஓட்டுநர் சிவப்பைத் தாண்டினாரா, தடுப்பை யாரேனும் உடைத்தோ தூக்கியோ உள்ளே வந்தார்களா என்ற மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். பிணைக்கப்படாத கேட்டில் பாதுகாப்பு முழுவதும் இரண்டு மனிதர்களின் தொலைபேசி உரையாடலையே நம்பி நிற்கிறது.

2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தது, சிக்னலோடு பிணைக்கப்படாத இத்தகைய கேட்டில்தான். மூட முயன்ற கேட்டைத் திறந்து வைக்குமாறு வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதாக ரயில்வே தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. கேட் திறந்தே இருந்தது என்று வேனில் இருந்து உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். முதல் நாள் செய்தியை அப்படியே மனுவில் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அதன் பிறகு எல்லாக் கேட்டுகளிலும் கேமரா பொருத்தவும், கேட்டுகளைச் சிக்னலோடு பிணைப்பதற்கான போக்குவரத்து அலகு வரம்பை 20,000-லிருந்து 10,000-ஆகக் குறைக்கவும் ரயில்வே முடிவெடுத்தது. ஒரு நாளில் செல்லும் ரயில்களின் எண்ணிக்கையை, மதிப்பிடப்பட்ட சாலை வாகன அலகுகளால் பெருக்கினால் கிடைப்பதே இந்த அலகு. மேலே கேட்ட போக்குவரத்துக் கணக்கெடுப்பு இதற்காகத்தான் தேவைப்படுகிறது.

ஆளில்லாக் கேட்டுகள் அகலப்பாதையில் 2019 ஜனவரி 31-க்குள் அகற்றப்பட்டுவிட்டன. அதற்கு முந்தைய விபத்துகளிலும், எஞ்சியுள்ள பிற பாதைகளிலும் மட்டுமே மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு நேரடியாக வருகிறது. காவலற்ற கேட்டில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, நடத்துநரையோ உதவியாளரையோ முன்னே அனுப்பிப் பார்க்கச் செய்து, அப்படி எவரும் இல்லாவிட்டால் தாமே இறங்கிச் சென்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஆள் நியமிக்கப்பட்ட கேட்டில், அந்த ஆள் அந்நேரம் இல்லாமற்போனாலும், உறங்கிவிட்டிருந்தாலும், அது ஆளில்லாக் கேட்டாகிவிடாது. எதிர்தரப்பு 131-ஐச் சுட்டினால் இந்த வேறுபாட்டை முதலில் எடுத்துரைக்க வேண்டும்.

4. இறந்தவர் எந்த நிலையில் இருந்தார்: மன்றத்தைத் தீர்மானிக்கும் கேள்வி

அதிகமானோர் தடுமாறும் இடம் இது. ரயில் மோதிய விபத்து என்பதால் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குத்தான் செல்ல வேண்டும் என்று எண்ணி, அங்கே மனுச் செய்து, பல மாதங்களுக்குப் பின் மனு திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் மற்ற மன்றத்தின் காலக்கெடு கடந்துவிட்டிருந்தது.

இறந்தவர் சாலை வாகனத்தில் பயணம் செய்தவர் என்றால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே உரிய மன்றம். ரயில்வேயையும் அங்கேயே எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். 1979-இல் கேரளத்தில் ஆளில்லாக் கேட்டில் பேருந்து மீது ரயில் மோதிய வழக்கில், யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே 1997-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. கேட்டைக் கடப்போரின் பாதுகாப்பில் ரயில்வேக்குப் பொதுச் சட்டப்படியான கவனக் கடமை உண்டு என்பதும், ஓட்டுநரின் தவறைப் பயணிகளின் தலையில் சுமத்தக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளன. இறுதியில் ரயில்வே மட்டுமே தவறு செய்தது என்று முடிவானாலும் தீர்ப்பாயத்தின் அதிகாரம் பறிபோகாது என்பதை 2002-இல் பகவதி பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

தீர்ப்பாயத்தில் மனுச் செய்யும் காலக்கெடு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவின்படி விபத்து நாளிலிருந்து 6 மாதங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரி வாதிடலாமே என்று நம்பி இருப்பதைவிட, 5-ஆம் மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரரின் இடம் ஆகியவற்றுள் எதன் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம் என்பதால், துயரத்தில் இருக்கும் குடும்பம் தொலைவிலுள்ள ஊருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அலைய வேண்டியதில்லை.

இறந்தவர் வாகனத்தை ஓட்டியவரே என்றால் நிலைமை வேறு. அவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால், அவருடைய பங்கின் அளவுக்கு இழப்பீடு குறையும். முழுத் தவறும் அவருடையதே என்று முடிவானால், அவர் ஓட்டிய வண்டியின் காப்பீட்டாளரிடம் மூன்றாம் தரப்பு இழப்பீடு கிடைக்காது. சம்பளத்துக்கு ஓட்டியவராக இருந்தால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியும் திறந்திருக்கிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவுப்படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஓட்டுநரின் தவறு கடுமையாக இருப்பதாகப் பதிவுகள் காட்டினால், தவறை நிறுவத் தேவையில்லாத அந்த இரண்டாம் வழியே குடும்பத்துக்கு நல்லது என்பது என் கருத்து. உரிமையாளரே ஓட்டியிருந்தால், பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பைக் கேட்க மறக்கக் கூடாது.

இறந்தவர் நடந்து சென்றவரோ சைக்கிளில் சென்றவரோ என்றால், அங்கே மோட்டார் வாகனமே இல்லை. ஆகவே மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் இல்லை. 1855-ஆம் ஆண்டு உயிர்ச்சேத விபத்துச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். அதற்கான காலக்கெடு இறப்பு நாளிலிருந்து 2 ஆண்டுகள். மத்திய அரசுக்கு எதிரான வழக்கு என்பதால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி அந்த ரயில்வேயின் பொது மேலாளருக்கு 2 மாத அறிவிப்பு முன்னதாகக் கொடுக்க வேண்டும். இந்த அறிவிப்பை விட்டுவிட்டு வழக்குப் போட்டால், வழக்கு முதல் படியிலேயே தடுமாறும். கேட் திறந்திருந்தது மறுக்க முடியாதபடி நிறுவப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் உறுப்பின் கீழ் ரிட் மனுவும் போடலாம். உண்மைகள் தகராறில் இருந்தால் உயர் நீதிமன்றம் உங்களை உரிமையியல் நீதிமன்றத்துக்கே திருப்பிவிடும்.

மோதலில் ரயிலுக்குள் இருந்த பயணி இறந்திருந்தால் மட்டுமே ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம் வருகிறது. ரயில்வே சட்டத்தின் 124-ஆம் பிரிவுப்படி, எவருடைய தவறையும் நிறுவாமலே, 8 லட்சம் ரூபாய் இழப்பீடு கோரலாம். காலக்கெடு 1 ஆண்டு.

5. கடமை மீறல்களைத் தனித்தனியாக எழுதுதல்

'ரயில்வேயின் அலட்சியத்தால்' என்று ஒரே வரியில் எழுதப்படும் மனு, குறுக்கு விசாரணையில் நிற்காது. யாருக்கு எந்தக் கடமை இருந்தது, எந்த ஆவணத்தின்படி இருந்தது, எப்படி மீறப்பட்டது என்ற மூன்றும் ஒவ்வொரு நபருக்கும் எழுதப்பட வேண்டும்.

கேட் கீப்பரைப் பொறுத்தவரை, தடுப்பை உரிய நேரத்தில் மூடினாரா, மூடாமலே எண் கொடுத்தாரா என்பதே மையம். வாகன ஓட்டுநர் வற்புறுத்தியதால் திறந்தேன் என்பது அவருக்கு விடுதலை தராது. வற்புறுத்தலுக்கு இணங்கித் திறப்பதே விதிமீறல்தான். கேட்டின் கட்டுப்பாடு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதே அத்தகைய வற்புறுத்தலைத் தடுப்பதற்காகத்தான். அதே நேரம், அது உண்மையானால் ஓட்டுநரின் பங்கும் கூடுகிறது.

நிலைய அதிகாரி எண் பெற்றாரா, பெறும் முன்பே ரயிலை அனுப்பினாரா என்பதையும், ரயில் ஓட்டுநர் விதிக்கப்பட்ட இடத்திலிருந்து ஊதல் ஒலி எழுப்பினாரா, கேட்டைக் காக்கும் சிக்னல் சிவப்பாக இருந்தபோது நின்றாரா என்பதையும் பதிவுகளைக் கொண்டு எழுதுங்கள். அதிவேகத்தில் வரும் ரயிலைச் சில நூறு மீட்டருக்குள் நிறுத்த முடியாது என்பதால், ரயில் ஓட்டுநர் மீது ஆதாரமின்றிக் குற்றம் சாட்டுவது மனுவின் நம்பகத்தன்மையையே குறைக்கும்.

பணியாளரின் தவறுக்கு ரயில்வே பொறுப்பேற்பது ஒன்று. ரயில்வேயின் சொந்தத் தவறு வேறொன்று. பழுதான தொலைபேசி, எரியாத விளக்கு, மறைக்கும் புதர், போக்குவரத்துக் கணக்கெடுப்பின்படி தேவைப்பட்டும் தள்ளிப்போடப்பட்ட சிக்னல் பிணைப்பு, ஊர் மக்கள் முன்பே கொடுத்த புகார்கள் ஆகியவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. விதிகளில் உள்ள அளவுக்குச் செய்துவிட்டோம் என்ற வாதம் மட்டும் கவனக் கடமையிலிருந்து ரயில்வேயை விடுவிக்காது என்பதே 1997 தீர்ப்பின் சாரம். பஞ்சாயத்துத் தீர்மானமோ, கோட்ட மேலாளருக்கு முன்பு அனுப்பிய மனுவோ இருந்தால் கட்டாயம் தேடி எடுங்கள்.

பள்ளி வாகனமாக இருந்தால், தமிழ்நாட்டின் 2012-ஆம் ஆண்டுப் பள்ளி வாகனச் சிறப்பு விதிகளின்படி உதவியாளர் வண்டியில் இருந்தாரா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் பள்ளி நிர்வாகத்தின் கடமை மீறல் தனியாக எழுதப்பட வேண்டும்.

6. குற்ற வழக்கைக் கவனிக்க வேண்டும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது

2024 ஜூலை 1 முதல், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றம் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106(1) பிரிவில் வருகிறது. 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பணியில் இருந்த ரயில்வே ஊழியரின் விதிமீறல் ரயில்வே சட்டத்தின் 175-ஆம் பிரிவிலும், மூடிய கேட்டைத் திறப்பதும் உடைப்பதும் 160-ஆம் பிரிவிலும், ஆளில்லாக் கேட்டை நின்று பார்க்காமல் கடப்பது 161-ஆம் பிரிவிலும் குற்றங்கள். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு, யார் மீது போடப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். இறந்த ஓட்டுநர் மீது மட்டும் வழக்குப் பதிந்து, 'குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார்' என்று முடித்துவிடும் அபாயம் உண்டு. அப்படி நேர்ந்தால், உங்களிடம் உள்ள ஆவணங்களோடு மேல் அதிகாரிக்கும், தேவையானால் நீதித்துறை நடுவருக்கும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.

குற்ற வழக்கு முடிந்த பிறகுதான் இழப்பீட்டு மனுப் போட முடியும் என்ற நம்பிக்கை மிகப் பரவலாக இருக்கிறது, அது தவறு. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும். தீர்ப்பாயத்தில் நிகழ வாய்ப்பு எந்தப் பக்கம் கூடுதல் என்று காட்டினால் போதும். குற்ற வழக்கில் விடுதலையானது இழப்பீட்டைத் தடுக்காது என்பதை என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னோர் எச்சரிக்கை. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை நடந்தால், அங்கே ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்த முடியாது என்று ரயில்வே சட்டத்தின் 117-ஆம் பிரிவு தடுக்கிறது. சாலையில் சென்றவர்கள் மட்டும் இறந்த விபத்துகளில் அந்த விசாரணை தானாகவே நடக்கும் என்று எண்ணவும் கூடாது. ஆகவே கேட் கீப்பர் 'அங்கே ஒப்புக்கொண்டார்' என்ற செய்தியை நம்பிச் சாட்சியம் திரட்டுவதை நிறுத்திவிடாதீர்கள்.

7. மனுவில் எதிர்மனுதாரர்களைச் சேர்த்தல்

வாகனத்தின் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம், ரயில்வே ஆகிய நால்வரையும் சேர்ப்பதே பாதுகாப்பு. காப்பீட்டு நிறுவனத்தை மட்டும் சேர்த்து, இறுதியில் முழுத் தவறும் கேட் கீப்பருடையது என்று முடிவானால், கையில் எதுவும் மிஞ்சாது.

ரயில்வேயைச் சேர்க்கும்போது 'தெற்கு ரயில்வே' என்று மட்டும் எழுதக் கூடாது. 'இந்திய ஒன்றியம், தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் மூலமாக' என்று எழுத வேண்டும். சட்டத்தின் பார்வையில் வழக்கின் தரப்பு மத்திய அரசே. கேட் கீப்பரைத் தனியே சேர்ப்பது கட்டாயமில்லை. ஆனால் அவர் பெயரும் செயலும் மனுவின் உடலில் இருக்க வேண்டும்.

வாகனத்தில் பயணித்தவர் இறந்த வழக்குகளில் ஒரு வரி மிக முக்கியமானது: இது கூட்டுக் கவனக்குறைவு என்றும், முழுத் தொகையையும் எந்த எதிர்மனுதாரரிடமிருந்தும் வசூலிக்க உரிமை உண்டு என்றும் எழுதுங்கள். 2015-இல் கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் விளக்கியது. இரு தரப்பும் தங்களுக்குள் பங்கைப் பிரித்துக்கொள்ளட்டும். அந்தச் சண்டை முடியும்வரை குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை. விபத்து மோட்டார் வாகனத்தின் பயன்பாட்டிலிருந்து எழுந்தது என்ற வாசகமும் இருக்க வேண்டும். தீர்ப்பாயத்தின் அதிகாரம் அதில்தான் நிற்கிறது.

8. கருணைத்தொகை

ஆள் உள்ள கேட்டில், முதல் நோக்கில் ரயில்வேயின் பொறுப்பு என்று தெரியும் விபத்துகளில் இறந்த சாலைப் பயணிக்கு 5 லட்சம் ரூபாய் கருணைத்தொகை வழங்க 2023 செப்டம்பரில் ரயில்வே வாரியம் வகை செய்தது. ஆளில்லாக் கேட்டுகளுக்கு அது இல்லை. அதை வாங்கிக்கொள்வதால் வழக்குரிமை போய்விடாது. பின்னர் கிடைக்கும் இழப்பீட்டில் அது கழிக்கப்படலாம். ஆனால் 'முழுமையான, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். துயர வீட்டில் தாள்களைப் படிக்காமல் கையெழுத்திடுவது எளிதில் நடந்துவிடுகிறது. படிக்கத் தெரிந்த ஓர் உறவினரை அந்த நாட்களில் உடன் வைத்திருங்கள்.

9. தொகையைக் கணக்கிடுதல்

2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி ஆகிய இரு தீர்ப்புகளும் கணக்கு முறையை நிலைப்படுத்திவிட்டன. ஓர் எடுத்துக்காட்டு: 34 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 18,000 ரூபாய், மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரைச் சார்ந்திருந்தனர்.

சுயதொழிலில் 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க, 25,200 ஆகிறது. சார்ந்திருப்போர் 4 முதல் 6 பேர் என்றால் சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழியும், மீதி 18,900. ஆண்டுக்கு 2,26,800. 31 முதல் 35 வயதுக்கான பெருக்கல் எண் 16 என்பதால் 36,28,800 ரூபாய். இதனோடு துணையிழப்புக்கு 40,000, சொத்திழப்புக்கு 15,000, ஈமச் செலவுக்கு 15,000 என்ற அடிப்படைத் தொகைகளை, 3 ஆண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர்த்திச் சேர்க்க வேண்டும். துணையிழப்புத் தொகை பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு என்பதை 2018 மேக்மா வழக்கு தெளிவாக்கியது. மனைவிக்கு மட்டும் கேட்டுவிட்டு மற்றவர்களை விட்டுவிடும் பிழையை இன்றும் காண்கிறேன்.

அந்தக் கொத்தனாரே வண்டியை ஓட்டியவராக இருந்து, அவர் பங்கு 40 விழுக்காடு என்று முடிவானால், 36,28,800-இல் கிடைப்பது 21,77,280. அவர் பயணி என்றால் ஒரு ரூபாயும் குறையாது. அதனால்தான் 4-ஆம் படியில் அவர் எங்கே அமர்ந்திருந்தார் என்ற கேள்விக்கு அவ்வளவு இடம் கொடுத்தேன்.

இறந்தது குழந்தை என்றால் வருமானச் சான்று இருக்காது; உத்தேச வருமானம் கொள்ளப்படும். அந்த ஆண்டுக்கான குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையையும் குழந்தையின் பள்ளிப் பதிவுகளையும் தாக்கல் செய்தால், மிகக் குறைந்த ஒரு தொகையில் கணக்கு நின்றுவிடாமல் வாதிட முடியும்.

10. ஆவணங்களை வரவழைத்தலும் சாட்சி விசாரணையும்

தகவல் அறியும் உரிமை மனுவுக்கு 10 ரூபாய்க் கட்டணமும் 30 நாள் அவகாசமும் உண்டு. விசாரணை நடக்கிறது என்று காரணம் காட்டி மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் அதையே நம்பியிராமல், மனு எண்ணிடப்பட்டவுடன் தீர்ப்பாயத்திலேயே ஆவண அழைப்பு மனுவைப் போடுங்கள். ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 169-ஆம் பிரிவுப்படி தீர்ப்பாயத்துக்கு உண்டு. முதல் வாரக் கடிதத்தின் ஒப்புகை அட்டை இப்போது பயன்படும்: பாதுகாக்கக் கோரியும் பதிவு அழிந்துவிட்டது என்று ரயில்வே சொன்னால், அது தனக்குப் பாதகமாக இருந்ததால்தான் வரவில்லை என்று ஊகிக்குமாறு தீர்ப்பாயத்தைக் கேட்கலாம்.

நேரில் பார்த்த ஒருவரையாவது விசாரிக்க வேண்டும். கேட்டருகே டீக்கடை வைத்திருப்பவர், வயலில் வேலை செய்தவர், எதிர்ப்பக்கம் காத்திருந்த இரு சக்கர வாகன ஓட்டி ஆகியோரின் பெயரை முதல் வாரத்திலேயே குறித்து வையுங்கள். கேட் திறந்திருந்ததா, எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தது, ஊதல் கேட்டதா என்பதற்கு மேல் அவர்களிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. தாம் பார்க்காததைச் சொல்லவைத்தால், பார்த்ததும் நம்பப்படாமல் போகும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு.

11. தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும். வட்டி பெரும்பாலும் மனுத் தாக்கலான நாளிலிருந்து கணக்கிடப்படும். மேல்முறையீட்டுக்கு 90 நாட்கள். தொகை செலுத்த வேண்டியவர் மேல்முறையீடு செய்தால் 25,000 ரூபாயோ தொகையில் பாதியோ, இவற்றுள் குறைவானதை முதலில் கட்ட வேண்டும். தடையாணை பெறும்போது உயர் நீதிமன்றம் கூடுதல் பகுதியை வைப்பீடு செய்யச் சொல்வது வழக்கம். அப்படி வைப்பீடு செய்யப்பட்டதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு உடனே மனுச் செய்யுங்கள்.

தொகை வராவிட்டால் நிறைவேற்று மனு ஒரு வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின் கீழ் சான்று பெற்று மாவட்ட ஆட்சியர் மூலம் நில வரி நிலுவை போல வசூலிப்பது இன்னொரு வழி.

மைனர் குழந்தைகளின் பங்கு அவர்கள் வயதுக்கு வரும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். அதன் வட்டியைத் தாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரடியாகப் பெற்றுக்கொள்ளும் வாசகம் தீர்ப்பிலேயே இருக்கிறதா என்று, நகல் வாங்கிய அன்றே பாருங்கள். இல்லையென்றால், பள்ளிக் கட்டண ரசீதை இணைத்து, அதற்கான மனுவை அதே தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.